பழி போட்டவன் ஊருக்கு இரண்டு டிக்கெட்

மருமகளை டிக்கெட் வரிசையில் நிற்க வைத்துவிட்டுப் போன வாரம் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டோம். நமக்கு ஒரு வாரக் காத்திருப்பு. அவள் போன மழைக்காலத்திலிருந்து காத்திருக்கிறாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சந்தை முனையில் ஒரு கறிப்பொதிக் கடை இருந்தது. கறியைக் கொத்தி வதக்கி, மாவுக்குள் வைத்து மடித்து, எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். மாமியார் கலவை பார்ப்பாள், மருமகள் மடிப்பாள், மகன் பொரிப்பான். விவரம் தெரிந்த நாளிலிருந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவன் என்பதால் சந்தையில் அவனுக்குப் பெயர் கரண்டி. அவன் அம்மாவுக்குப் பெயர் மூக்குக்காரி. கலவையை அவள் ஒரு தடவை மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் அது மாவுக்குள் போகும். வேறு யார் என்ன சொன்னாலும் எடுபடாது. அந்தக் கடையில் மூக்குதான் சட்டம்.

மழைக்காலத்தில் ஒருநாள் கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போன பொதியைத் தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். கும்பல் கடைக்கு வந்து கத்தியபோது, கரண்டி தன் பெண்டாட்டியைக் கைநீட்டிக் காட்டினான். "இவதான். இவ கை சுத்தமில்ல." அதோடு விட்டானா? சில நாளில் ஊரைவிட்டே கம்பி நீட்டிவிட்டான்.

அன்றிலிருந்து மருமகளை எந்த அடுப்பின் பக்கமும் விடவில்லை. இப்போது ஒரு சலவை நிலையத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கிறாள். அந்த நிலையத்து வண்டி ஓட்டுநர்தான் சேதி கொண்டுவந்தார். "ஜங்ஷன் ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தன் தள்ளுவண்டியில பொதி போடுறாம்மா. அப்படியே உங்க கடை ருசி."

சந்தைச் சங்கத் தலைவர் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மூடிக்கிடக்கும் அந்தக் கடை நாளைக் காலையில் வேறொருவர் கைக்குப் போகிறது. அதற்குள் பழி சொன்ன வாயே அந்தப் பழியைத் திரும்ப எடுத்துக்கொண்டால் கடை அவளுக்கு. இல்லையென்றால் விரிப்பு மடித்தே காலம் தள்ள வேண்டியதுதான்.

ஆக, பாசஞ்சர் ரயிலில் இரண்டு ஜன்னலோர இருக்கைகள். எதிரும் புதிருமாக மாமியாரும் மருமகளும். சாப்பிட எதுவும் எடுத்து வரவில்லை. பழிவாங்கப் போகிறவள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டா போவாள்?

"நடுரோட்டுல வச்சுக் கேட்கணும்டி" என்றாள் மாமியார். "நாலு பேர் வாங்கித் தின்னுட்டு நிக்கறப்போ கேட்கணும். பெத்தவ நானே கேட்கறேன். நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகற மாதிரி கேட்கறேன்."

"நீங்க கேளுங்க அத்தை. ஆனா பதில் என்னைப் பார்த்துச் சொல்லணும்."

"சொல்ல வைக்கிறேன். விலை மலிவுன்னு எவன்கிட்டயோ கெட்ட கறியை வாங்கிட்டு வந்துட்டு, பழியைத் தூக்கி உன் தலையில போட்டான் பாரு! அவனைச் சும்மா விடக்கூடாது."

இதுதான் அவர்கள் இருவரும் பேசிப் பேசி முடிவுகட்டிய கதை. கறி வாங்கி வருவது கரண்டியின் வேலை. கறி கெட்டிருந்தது. எனவே குற்றம் அவனுடையது. ஊரே மருமகளை விரட்டியபோது மாமியார் மட்டும்தான் அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். அந்த நன்றி மருமகளுக்கு நிறைய இருந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி என்பதை அக்கம்பக்கத்தார் இன்னும் நம்பாமல்தான் பார்க்கிறார்கள்.

ரயில் ஒரு சின்ன ஊரில் நின்றது. நின்றதும் ஜன்னலுக்கு வெளியே கூடைகளும் தட்டுகளும் முளைத்தன. ஒருத்தி காகிதத்தில் பொரித்த மீன் வைத்து நீட்டினாள். மாமியார் இரண்டு வாங்கினாள்.

மருமகள் காகிதத்தைப் பிரித்ததுமே முகத்தைச் சுளித்தாள். பல நாள் காய்ந்த எண்ணெய். மீனும் நேற்றையது. அவள் அதை அப்படியே மடித்து வைத்தாள். எதிரில் மாமியார் மீனை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, இழுத்து மோந்து பார்த்தாள். கடையில் செய்வது போலவே மெதுவாகத் தலையாட்டினாள்.

"பரவாயில்லடி. எண்ணெய் புதுசு" என்று சொல்லி, முள்ளை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை முடித்தாள்.

 பாவம், மகன்மேல் உள்ள கோபத்தில் அத்தைக்கு எதுவுமே உறைக்கவில்லை போல என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். அவளுக்கும் மனசு அங்கே இல்லை. கரண்டியின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுவதை அவள் மனதுக்குள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகத் தீட்டி வைத்திருந்தாள்.

அடுத்த ஊரில் ஒருவர் முட்டைக் கூடையோடு ஏறினார். வண்டி குலுங்கியதில் கூடை சரிந்து இரண்டு மூன்று உடைந்தன. அதில் ஒன்று அழுகல். பெட்டி முழுக்க நாறியது. பக்கத்து இருக்கையில் இருந்த கைக்குழந்தைக்காரி குழந்தையின் முகத்தைத் துணியால் மூடினாள். எதிர்வரிசைக் கிழவர் எழுந்து கதவுப் பக்கம் ஓடினார். "எந்த யுகத்துக் கோழி போட்டதுய்யா இது?" என்று யாரோ கேட்க, கூடைக்காரர் நாலா பக்கமும் மன்னிப்புக் கேட்டார்.

மாமியார் ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு தலையைத் திருப்பினாள். எல்லோரும் மூக்கைப் பொத்தியிருப்பதைப் பார்த்தாள். அதற்கப்புறம் தானும் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "தாங்க முடியல" என்றாள்.



நாலு கடை தள்ளி நின்றே யார் வீட்டு எண்ணெய் எத்தனை நாள் பழசு என்று சொல்பவள் இந்த மூக்குக்காரி. அவளுக்கு அழுகிய முட்டை அடுத்தவர் முகத்தைப் பார்த்தா தெரிய வேண்டும்?

மருமகள் யோசித்தாள். மழைக்காலத்துக்கு முன்னால் அத்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அதற்கப்புறம்தான் எதற்கெடுத்தாலும் எரிந்து விழ ஆரம்பித்தாள். அந்தத் தொழிற்சாலை ஆர்டர் அன்றைக்கு, "அத்தை, கலவையில ஒரு மாதிரி வாடை வருது" என்று மருமகளே சொல்லியிருந்தாள். அத்தை குண்டானுக்கு மேல் குனிந்து நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு என்னடி தெரியும்? போட்டு மடி" என்றாள். மருமகளும் மடித்தாள். தன் மூக்கைவிட அந்த மூக்கைத்தான் நம்பினாள். வேறு எந்தக் கடையாக இருந்தாலும் அந்தக் குண்டான் அப்போதே சாக்கடைக்குப் போயிருக்கும்.

நினைப்பு மட்டும் போதாது, நிச்சயம் வேண்டும் என்று தோன்றியது. பழிக்குக் கிளம்பியவளுக்குத் துணிச்சலும் தந்திரமும் கேட்காமலே வரும் போலிருக்கிறது. அடுத்த ஊரில் வண்டி நின்றபோது அவள் இறங்கினாள். நெருப்பில் சுட்ட சோளம், அவித்த கடலை, ரொட்டிக்குள் வதக்கிய வெங்காயம் வைத்து விற்கும் பெண் என்று பிளாட்பாரம் முழுக்கத் தீனி. ஒரு வெங்காய ரொட்டி வாங்கி, அதை நின்ற இடத்திலேயே பசிக்குத் தின்றாள். கையில் எண்ணெய் ஊறிய காகிதம் மிஞ்சியது. பையில் சலவை நிலையத்துச் சோப்புத் துண்டு ஒன்று கிடந்தது, மூடி வைத்தாலும் வாசனையால் ஊரைக் கூட்டும் சோப்பு. அதைக் காகிதத்தில் வைத்து நன்றாகச் சுற்றினாள். மேலே ஏறி வந்து நீட்டினாள்.

"அத்தை, வெங்காய ரொட்டி. கருகின வாசனை வர்ற மாதிரி இருக்கு. பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்களேன். கருகியிருந்தா ஓடிப்போய் மாத்திட்டு வந்துடறேன்."

மாமியார் பொட்டலத்தை வாங்கினாள். கண்ணை மூடினாள். இழுத்து மோந்து பார்த்தாள்.

"கருகல் எதுவும் இல்ல. நல்லா பதமா வதங்கியிருக்கு. மிளகு கொஞ்சம் தூக்கலா இருக்கு, அவ்வளவுதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கைக்குழந்தைக்காரி பொட்டலத்தையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கே சோப்பு வாசனை வந்துவிட்டது. மருமகள் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"என்னடி, திங்கலையா?"

"பசி போயிடுச்சு அத்தை."

உண்மைதான்.  மற்றதை இங்கே கேட்கப் போவதில்லை. அவன் எதிரில் வைத்து, இருவரையும் ஒன்றாகப் பார்த்துக் கேட்க வேண்டும். அதுவரைக்கும் மாமியார் வழியெல்லாம் மகனைத் திட்டிக்கொண்டே வந்தாள். மருமகளும் உம் கொட்டிக்கொண்டே வந்தாள்.

ஜங்ஷன் வாசலில் சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டி நின்றது தள்ளுவண்டி. நாலைந்து பேர் காகிதத்தில் பொதியை வைத்து ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் கரண்டி. தாடி வளர்ந்திருந்தது, ஆள் பாதியாகியிருந்தான். மருமகள் கற்பனை செய்தபடி கையிலிருந்த கரண்டி விழவில்லை. அவன் அதைச் சட்டியின் விளிம்பில் மெதுவாகச் சாய்த்து வைத்தான்.

மாமியார் சொன்னபடியே செய்தாள்.

"அடப்பாவி! எல்லாரும் கேளுங்க, இவன் நான் பெத்தவன். கெட்ட கறியை வாங்கி ஊரையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, கட்டினவ மேல பழியைப் போட்டுட்டு இங்க வந்து ஒளிஞ்சிருக்கான். இவன் கையால தின்னாதீங்க. துப்புங்க!"

தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். ஒருவர் நிஜமாகவே துப்பினார்.

கரண்டி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை என்பதைக் கண்டதும் மருமகளுக்கு மிச்சமும் விளங்கிவிட்டது.

"அத்தைக்கு மூக்கு போனது உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு அந்த மரியாதையை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மாமியாரின் கை பாதியில் நின்றது. "என்னடி உளர்றே?"

"உங்களைக் கேட்கல அத்தை. இவனைக் கேட்கறேன்."

கரண்டி தலையைக் குனிந்துகொண்டான். "காய்ச்சல் விட்டப்பவே தெரியும். பால் தீஞ்சு வீடெல்லாம் புகை, அம்மா பக்கத்துலயே உட்கார்ந்து முறத்துல அரிசி புடைச்சிட்டிருந்தாங்க. நான் கேட்கல. அவங்களும் சொல்லல."

"அன்னிக்குக் கறி?"

"கறி நல்ல கறிதான். முந்தின நாள் மிஞ்சின கலவையை அம்மா அதோட சேர்த்துட்டாங்க. வீணாக்க மனசு வராது, உனக்குத் தெரியுமே. எப்பவும் மோந்து பார்த்துத்தானே சேர்ப்பாங்க."

"தெரிஞ்சும் என்னைக் காட்டினே."

"அம்மாவைக் காட்டியிருந்தா அன்னிக்கே செத்துப்போயிருப்பாங்க. அந்தப் பேரைத் தவிர அவங்களுக்கு என்ன இருக்கு? நீ சின்னவ." அவன் குரல் அடங்கியது. "நீ தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

தாங்கிக்குவேன்னு நெனச்சானாம்! கேட்டீர்களா? வீட்டில் யார் தாங்குவார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் சுமையை ஏற்றுகிறார்கள். தாங்குகிறவளிடம் யாரும் கேட்பதில்லை. மருமகள் தீட்டி வைத்திருந்த சொல்லெல்லாம் அந்த ஒரு பேச்சில் மழுங்கிப்போயின. கை மட்டும் வேலை செய்தது. போனை எடுத்தாள், சங்கத் தலைவரைக் கூப்பிட்டாள், எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"குடு, நான் சொல்றேன்" என்று கரண்டி கையை நீட்டினான். "கெட்ட கறி நான்தான் வாங்கினேன்னே சொல்லிடறேன். உனக்குக் கடை கிடைச்சிடும். அம்மா பேரும் கெடாது."

காலையில் ரயிலேறும்போது அவள் கேட்டதெல்லாம் இதுதான். இப்போது தட்டில் வைத்து நீட்டுகிறான். அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. போனை மாமியார் பக்கம் திருப்பினாள்.

"அத்தை, நீங்க சொல்லுங்க. யார் தப்புன்னு உங்க வாயால சொல்லுங்க."

"ஹலோ, யாரு?" என்றது போன்.

மாமியார் போனைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.  ஒரு கணம், உண்மை வந்துவிடும் என்றுதான் மருமகள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"தலைவரே, நான் மூக்குக்காரி பேசறேன். ஜங்ஷன்லதான் இருக்கோம். எல்லாம் என் பையன் வேலை. அவனே ஒத்துக்கிட்டான். கெட்ட கறி வாங்கி, எனக்குத் தெரியாம கலந்துட்டான். மருமக மேல தப்பே இல்ல. என் மூக்கு மேல சத்தியம்."

"அப்படியா? பாவிப் பய! பெத்த நீங்களே சொன்ன பிறகு அவன் வாயைக் கேட்க வேண்டியதில்லம்மா. நாளைக்குக் காலையில மருமகளைக் கூட்டிட்டு வந்துடுங்க. கடை உங்களுக்குத்தான்."

போன் அடங்கியது. கரண்டி சிரித்தான், அழுகைக்கு முன்னால் வருமே அந்தச் சிரிப்பு. அவன் தானாகத் தூக்கிக்கொள்ள வந்த பழிதான். ஆனால் தானே தூக்கிக்கொள்வது வேறு, பெற்றவள் எடுத்துத் தலையில் வைப்பது வேறு.

மருமகளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. நான் இரக்கம் வந்தது என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்க வேண்டும் போல இருந்தது. உண்மையாகவே இனித்தது. கேட்காமல் திரும்பி நடந்தாள். மாமியார் பின்னாலேயே ஓடி வந்தாள்.

திரும்பும் வண்டி இன்னும் கிளம்பவில்லை, கூட்டமும் இல்லை. மாமியார் மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கு போச்சுன்னா நான் யாருடி?" என்றாள் கடைசியில். "சோத்துல வாசனை இல்ல. உன் மாமனார் சட்டையை இன்னும் பெட்டியில வச்சிருக்கேன், அதுலயும் எதுவும் இல்ல. வெறும் துணி. இதைப் போய் யார்கிட்ட சொல்லுவேன்?"

மருமகளின் கை அவள் தோள் பக்கம் போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டாள். விரிப்பு மடித்து மடித்து வெடித்துப்போன தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அது போதுமாக இருந்தது.

"நாளையிலேர்ந்து கலவையை நான்தான் பார்ப்பேன். நீங்க மடிங்க."

"சந்தையில கேட்பாங்களேடி."

"கேட்கட்டும்."

"என்னன்னு சொல்லுவே?"

வண்டி அசைந்து கிளம்பியது. மருமகள் ஜன்னல் வழியே பார்த்தாள். வேலிக்கு அப்பால் ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டி தனியாக நின்றது. அடுப்பு அணையவில்லை. சட்டியிலிருந்து கரும்புகை கிளம்பிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு ஆள் வாளியில் மண்ணோடு ஓடினார். கரண்டியைக் காணோம். பிளாட்பாரக் கோடியில், கடைசிப் பெட்டியின் கம்பியைப் பிடித்துத் தாவி ஏறியவனின் சட்டையை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

மாமியார் எதையும் பார்க்கவில்லை. அவள் மருமகளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டியே? உன் கால்ல விழறேன். சொல்ல மாட்டேதானே?"

"இன்னும் முடிவு பண்ணல அத்தை" என்றாள் மருமகள். முந்தானையை அவள் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கடைசிப் பெட்டியில் எவன் வருகிறான் என்பதையும் சொல்லவில்லை.